காவி, வெள்ளை, பச்சை: நம் கொடிக்கு அர்த்தம் வந்த கதை

தேசியக் கொடியில் பச்சை எதைக் குறிக்கிறது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில், காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, நடுவில் இருக்கும் வெள்ளை மற்ற எல்லா மதத்தாருக்கும் என்பது. இன்னும் சிலர் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள்: காவி தியாகம், வெள்ளை உண்மை, பச்சை செழிப்பு. இரண்டு பதிலுக்கும் ஆண்டும் இடமும் உண்டு, சொன்ன ஆட்களும் உண்டு. முதல் பதில் 1921இல் பிறந்தது. பத்தே ஆண்டுகளில், 1931இல், அந்தக் கொடியைப் பயன்படுத்திவந்த காங்கிரஸே கூடிப் பேசி அதைக் கைவிட்டது. கைவிட்டு 90 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அது வாய்வழியாகச் சுற்றிக்கொண்டே இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் அதைக் கைவிட்ட கதைதான் இந்தக் கொடியின் வரலாற்றிலேயே முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன்.

முதலில் கொடியைப் பற்றிச் சட்டப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1947 ஜூலை 22 அன்று, சுதந்திரத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அரசியல் நிர்ணய சபையில் நேரு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்தத் தீர்மானம் மிகச் சிறியது. ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை என்று மூன்று நிறங்கள் கிடைமட்டமாக, சம அளவில் இருக்கும். வெள்ளைப் பட்டையின் நடுவே, ராட்டையைக் குறிக்கும் வகையில், கருநீலத்தில் ஒரு சக்கரம் இருக்கும். அந்தச் சக்கரம் சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தூணின் தலைப்பகுதியில் இருப்பதைப் போல அமையும். சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய வெள்ளைப் பட்டையின் அகலத்துக்கு இருக்கும். கொடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 2:3. அவ்வளவுதான். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு சொல்கூட இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவுக்கென்று கொடி இருந்தது, ஆனால் அது ஆள்பவர்களின் கொடி. மூலையில் யூனியன் ஜாக், பக்கத்தில் இந்தியாவைக் குறிக்கும் ஒரு நட்சத்திரச் சின்னம். அதற்கு எதிராக நமக்கென்று ஒரு கொடி வேண்டும் என்ற எண்ணம் வங்காளத்தில் சுதேசி இயக்கக் காலத்தில் வலுப்பெற்றது. சகோதரி நிவேதிதா வச்சிராயுதத்தைச் சின்னமாக வைத்து ஒரு கொடி அமைத்தார். 1906 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவின் பார்சி பகான் சதுக்கத்தில் வேறொரு கொடி ஏறியது. அதில் மூன்று நிறப் பட்டைகள், எட்டுத் தாமரைகள், நடுவில் வந்தே மாதரம், கூடவே சூரியனும் பிறையும். அடுத்த ஆண்டு, 1907 ஆகஸ்ட் 22 அன்று, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நடந்த சர்வதேச சோசலிஸ்ட் மாநாட்டில் மேடம் பிகாஜி காமா இதைப் போன்ற ஒரு கொடியை விரித்துக் காட்டினார். அந்த எட்டுத் தாமரைகள் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் எட்டு மாகாணங்களைக் குறித்தவை.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாரதியின் ‘தாயின் மணிக்கொடி பாரீர்’ பாடலைச் சுதந்திர தின விழாக்களில் மூவர்ணக் கொடிக்குக் கீழே நின்று பாடுகிறோம், பாடவும் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டில் வரும் கொடியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பக்கம் இந்திரனின் வச்சிரம், இன்னொரு பக்கம் இளம்பிறை, நடுவில் வந்தே மாதரம் என்ற மந்திரம். அது இந்தச் சுதேசிக் காலக் கொடிகளின் சாயல். இன்றைய மூவர்ணத்தைப் பாரதி பார்க்கவே இல்லை, அவர் மறைந்தது 1921 செப்டம்பரில். கொடி முடிவாவதற்கு முன்பே கொடிக்குப் பாட்டு எழுதிவிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1917இல் அன்னி பெசன்ட்டும் திலகரும் முன்னெடுத்த ஹோம் ரூல் இயக்கத்துக்கும் ஒரு கொடி இருந்தது. ஐந்து சிவப்புப் பட்டைகள், நான்கு பச்சைப் பட்டைகள், ஏழு நட்சத்திரங்கள், ஒரு பிறை. எல்லாம் சரி, மூலையில் யூனியன் ஜாக்கும் இருந்தது, ஏனென்றால் அப்போது கேட்டது பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்தபடியே சுயாட்சி. அந்த யூனியன் ஜாக் இருந்ததாலேயே அது மக்கள் மனத்தில் நிற்கவில்லை. ஆனாலும் அரசாங்கம் அதையும் விட்டுவைக்கவில்லை, கோயம்புத்தூரில் ஒரு மாஜிஸ்திரேட் அதைப் பறக்கவிடத் தடை போட்டார்.

இனி 1921. ஆந்திராவில் மசூலிப்பட்டினத்துக்காரர் பிங்கலி வெங்கையா. 1876இல் பிறந்தவர், இளம் வயதில் தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் பிரிட்டிஷ் படையில் இருந்தவர், பல மொழிகள் படித்தவர், பருத்தி ஆராய்ச்சி செய்ததால் பருத்தி வெங்கையா என்றும், ஜப்பானிய மொழி தெரிந்ததால் ஜப்பான் வெங்கையா என்றும் ஊரில் அழைக்கப்பட்டவர். இந்தியாவுக்கு ஒரு கொடி வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் சாதாரணமானது இல்லை. 1916இல் 30 கொடி மாதிரிகளோடு ஒரு நூலே வெளியிட்டார். காங்கிரஸ் கூட்டங்கள் தோறும் போய் இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஆனால் அந்த மாதிரிகள் எவையும் காந்தியின் மனத்தைத் தொடவில்லை. கொடியில் ராட்டை இருக்க வேண்டும் என்று ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ் சொன்ன யோசனைதான் அவரை உசுப்பியது.

பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது காந்தி வெங்கையாவைக் கூப்பிட்டு, சிவப்பும் பச்சையும் கொண்ட பின்புலத்தில் ராட்டை வைத்து ஒரு கொடி வரைந்து தரச் சொன்னார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. வெங்கையா மூன்று மணி நேரத்தில் வரைந்து கொண்டுவந்துவிட்டார், ஆனாலும் கமிட்டி முன் வைப்பதற்குச் சற்றே தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதமும் நல்லதாகப் போயிற்று என்று காந்தியே பிறகு தன் ‘யங் இந்தியா’ இதழில் எழுதினார். யோசிக்க நேரம் கிடைத்ததில், இரண்டு மதங்களை மட்டும் காட்டினால் மற்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அவருக்கு வந்தது. அதனால் வெள்ளை சேர்ந்தது. மூன்று நிறங்களையும் அவர் அடுக்கிய வரிசையைப் பாருங்கள்: மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. எண்ணிக்கையில் சிறியவர்கள் மேலே, பெரியவர்கள் கீழே, ஏனென்றால் வலியவர்கள் எளியவர்களுக்குக் கேடயமாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மூன்றுக்கும் குறுக்கே ராட்டை, ஏழையும் நூற்கக்கூடியது என்பதால். ஆக, ‘பச்சை முஸ்லிம்களுக்கு’ என்ற விளக்கம் இங்கே, இந்த நல்ல நோக்கத்தில் பிறந்தது.

நோக்கம் நல்லதுதான், ஆனால் மதத்துக்கு ஒரு நிறம் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? எங்களுக்கு ஏன் தனி நிறம் இல்லை என்று சீக்கியர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. ‘மற்றவர்கள்’ என்று ஒரே வெள்ளைக்குள் போடுவதை எந்தச் சமூகம்தான் விரும்பும். கொடிக்குள் இட ஒதுக்கீடு மாதிரி ஆகிவிட்டது. மதம் சாராத சமூகங்கள், மொழிகள், பழங்குடிகள் என்று கேட்கத் தொடங்கினால் துணியில் இடமே இருக்காது.

இதற்கு நடுவே கொடி தெருவுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1923இல் நாக்பூரிலும் ஜபல்பூரிலும் கொடி பிடித்து நடந்ததற்காகவே ஆட்கள் கைதானார்கள், கொடி சத்தியாக்கிரகம் என்றே அதற்குப் பெயர். ஒரு ஊர்வலம் கைதானால் அடுத்த நாள் இன்னொரு ஊர்வலம், அதுவும் வெளியூர்களிலிருந்து வந்த தொண்டர்களோடு. 1929 டிசம்பர் 31 நள்ளிரவில் லாகூரில் ராவி ஆற்றங்கரையில் நேரு கொடியேற்றி, முழு விடுதலைதான் இலக்கு என்று அறிவித்தபோது அங்கே பறந்ததும் நடுவில் ராட்டை இருந்த கொடிதான்.

இப்போது 1931. அந்த ஆண்டு காங்கிரஸ் ஏழு பேர் கொண்ட கொடிக் கமிட்டி ஒன்றை அமைத்தது. பட்டேல், நேரு, மௌலானா ஆசாத், மாஸ்டர் தாரா சிங், காகா காலேல்கர், ஹர்டிகர், அமைப்பாளராகப் பட்டாபி சீதாராமையா. கமிட்டி பலரிடம் கருத்துக் கேட்டு, மதச் சாயல் எதுவும் இல்லாத கொடி வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. அது பரிந்துரைத்த கொடி உங்களுக்கு ஆச்சரியம் தரலாம்: முழுக்க ஒரே காவி நிறம், கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் செம்பழுப்பில் ராட்டை. பல நிறங்கள் இருந்தால்தானே எது யாருக்கு என்ற சண்டை வரும், ஒரே நிறமாக வைத்துவிட்டால் வராது என்பது அவர்கள் எண்ணம். அந்த ஆண்டு ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை. ஒற்றைக் காவிக்குப் பதில் மூன்று நிறங்களையே வைத்துக்கொண்டது, ஆனால் மூன்று மாற்றங்களோடு. சிவப்பு காவியானது. வரிசை மாறியது, மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. மிக முக்கியமாக, இந்த நிறங்களுக்கு மதம் சார்ந்த பொருள் கிடையாது என்று தீர்மானத்திலேயே எழுதி வைத்தது. காவி துணிவையும் தியாகத்தையும் குறிக்கும், வெள்ளை அமைதியையும் உண்மையையும் குறிக்கும், பச்சை பற்றுறுதியையும் வீரத்தையும் குறிக்கும், ராட்டை பாமர மக்களின் நம்பிக்கையைக் குறிக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்வேன். துணி கிட்டத்தட்ட அதேதான், மாறியது அதைப் பார்க்க வேண்டிய விதம். 1921இல் ஒரு இந்துவும் ஒரு முஸ்லிமும் ஒரு சீக்கியரும் கொடியைப் பார்த்தால், இதில் என் பங்கு எது என்று தேடுவார்கள். 1931க்குப் பிறகு மூன்று நிறமும் மூவருக்கும் முழுதாகச் சொந்தம். காவியின் துணிவு முஸ்லிமுக்கும் வேண்டும், பச்சையின் உறுதி இந்துவுக்கும் வேண்டும். பெரிய மாற்றம் இது. இன்றைக்கும் மேடைகளில், சில நேரம் வகுப்பறைகளில்கூட, 1921 விளக்கத்தையே சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்க்கும்போது, தாத்தா தலைமுறை பாடுபட்டு அவிழ்த்த முடிச்சை மறுபடியும் போடுகிறோமே என்று தோன்றும்.

அந்தப் புதிய கொடிக்கு ஒரு ஆண்டு முடிவதற்குள்ளேயே திருப்பூரில் ஒரு உயிர் போனது. 1932 ஜனவரி 10 அன்று சட்ட மறுப்பு ஊர்வலத்தில் கொடியோடு சென்ற குமரனை போலீஸ் தடியால் அடித்து மண்டையைப் பிளந்தது. விழுந்தபோதும் கையில் இருந்த கொடியை அவர் விடவில்லை, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது 27. சென்னிமலையில் பிறந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கொடி காத்த குமரன் என்று தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வங்காளத்தின் தம்லுக்கில் 1942 செப்டம்பர் 29 அன்று கொடியோடு ஊர்வலத்தின் முன்னால் நடந்து சுடப்பட்டு இறந்த மாதங்கினி ஹஸ்ரா எழுபது வயதைக் கடந்த பாட்டி. அதே மாதம் அஸ்ஸாமின் கோபூரில் போலீஸ் நிலையத்தில் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்ட கனகலதா பருவா 17 வயதுப் பெண். ஒரு துணிக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று பேரின் கதையைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். அவர்கள் பிடித்திருந்த கொடிக்கு அப்போது எந்தச் சட்டத்தின் ஆதரவும் கிடையாது, அதைப் பிடித்ததே குற்றமாக இருந்தது.

சரி, ராட்டை எப்படிச் சக்கரமானது? 1947 ஜூனில் ராஜேந்திர பிரசாத் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதில் ஆசாத், ராஜாஜி, சரோஜினி நாயுடு, கே. எம். முன்ஷி, அம்பேத்கர் எல்லாரும் இருந்தார்கள். காங்கிரஸ் கொடியையே கொஞ்சம் மாற்றி நாட்டுக் கொடியாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது, ஏனென்றால் ஒரு கட்சியின் கொடி அப்படியே எல்லாருடைய கொடியாகிவிட முடியாது. ராட்டைக்குப் பதிலாகச் சக்கரம் வந்ததற்கு நேரு சபையில் சொன்ன காரணம் மிக எளிமையானது. கொடியை இரண்டு பக்கமும் பார்ப்போம். ராட்டையில் ஒரு முனையில் சக்கரமும் மறுமுனையில் நூல் சுற்றும் கதிரும் இருக்கும், ஆகவே ஒரு பக்கம் பார்த்தால் சரியாகவும் மறுபக்கம் பார்த்தால் திரும்பியும் தெரியும். சக்கரம் மட்டும் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ராட்டையில் முக்கியமான பாகமும் சக்கரம்தானே. அப்படிச் சக்கரம் என்று முடிவானதும், எந்தச் சக்கரம் என்று தேடும்போது அசோகர் வந்தார். போரை விட்ட மன்னன், இந்தியாவின் பெயரை வெளிநாடுகளுக்கு அமைதியின் வழியில் கொண்டுபோனவன் என்று நேரு அதே உரையில் பெருமையாகச் சொன்னார்.

அதனால்தான் முதலில் சொன்ன தீர்மானத்தில் ‘ராட்டையைக் குறிக்கும் வகையில்’ என்ற சொற்கள் இருக்கின்றன. அசோகச் சக்கரம் என்று நாம் அழைப்பது சட்டப்படி இன்னும் ராட்டையையும் குறிக்கிறது, நூற்ற கைகள் அதற்குள் இருக்கின்றன. காந்திக்கு அன்று இது ஆறுதல் தரவில்லை. ராட்டை இல்லாத கொடியை வணங்க மாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு அவருக்கு மனவருத்தம் இருந்தது. என்னைக் கேட்டால் அவர் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது, நேருவின் காரணத்திலும் நியாயம் இருக்கிறது.

சக்கரத்தில் 24 ஆரக்கால்கள். சாரநாத் தூணில் செதுக்கியிருக்கும் சக்கரங்களில் 24 இருப்பதால் இங்கேயும் 24. அந்த 24க்கும் தனித்தனியாக அன்பு, பொறுமை, துணிவு என்று குணங்களைப் பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 24 மணி நேரம் என்றும் சொல்வார்கள். யாருக்காவது அது நல்லது செய்யத் தூண்டினால் மகிழ்ச்சிதான், ஆனால் 1947 தீர்மானத்தில் அப்படி எதுவும் இல்லை.

அந்த ஜூலை 22 விவாதம் படிக்கப் படிக்க அருமையாக இருக்கும். நேரு பட்டில் ஒன்றும் கதரில் ஒன்றுமாக இரண்டு கொடிகளைக் கையோடு கொண்டுவந்து சபையில் காட்டினார். உறுப்பினர் எச். வி. காமத் சக்கரத்துக்குள் ஸ்வஸ்திகா வைக்கலாம் என்று ஒரு திருத்தம் கொடுத்திருந்தார், கொடியைப் பார்த்த பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பழங்குடிகளின் பிரதிநிதி ஜெய்பால் சிங், கொடியேற்றுவது ஏதோ நாகரிகம் பெற்றவர்களின் வழக்கம் என்று நினைக்காதீர்கள், முதலில் கொடி ஏற்றியதும் கொடிக்காகச் சண்டை போட்டதும் ஆதிவாசிகள்தான் என்று சபைக்கு நினைவூட்டினார். வெவ்வேறு மதத்தவரும் வட்டாரத்தவரும் எழுந்து ஆதரவு சொன்னார்கள்.

நாம் பள்ளியில் படித்த விளக்கத்தின் வேர் அன்றைக்கு எஸ். ராதாகிருஷ்ணன் பேசிய பேச்சில் இருக்கிறது. காவி துறவின் நிறம், அதனால் நாட்டை ஆள்பவர்கள் தமக்கென்று எதையும் சேர்க்காமல் பணியில் மட்டும் கருத்தாக இருக்க வேண்டும் என்றார். நடுவில் இருக்கும் வெள்ளை ஒளி, நம் நடத்தைக்கு வழிகாட்டும் உண்மையின் பாதை. பச்சை, மண்ணோடும் அதில் முளைக்கும் பயிர்களோடும் நமக்கு இருக்கும் உறவு, மற்ற எல்லா உயிரும் அதை நம்பித்தான் வாழ்கின்றன. சக்கரம் அறத்தின் சக்கரம், கூடவே அது இயக்கத்தையும் குறிக்கிறது, தேங்கி நிற்பதில் சாவு, நகர்வதில் வாழ்வு என்றார். இந்த விளக்கத்தைத்தான் பின்னாளில் அரசாங்கத்தின் கொடி விதித்தொகுப்பும் எடுத்துக்காட்டுகிறது. திருத்தணிக்காரர் சொன்ன இந்தப் பொருளில் எனக்குப் பிடித்தது காவிக்குச் சொன்னது. அது குடிமக்களுக்கு முன்னால் பதவியில் இருப்பவர்களைப் பார்த்துச் சொன்னது, இதை மறந்துவிடுகிறோம்.

கொடியை வடிவமைத்தவர் யார் என்ற கேள்விக்கு வெங்கையா என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறார்கள். விதை போட்டவர் அவர், சந்தேகமில்லை. ஆனால் ராட்டை ஹன்ஸ்ராஜின் யோசனை, வெள்ளை காந்தியின் யோசனை, நிற வரிசை 1931இல் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியின் முடிவு, சக்கரம் 1947இன் முடிவு. கடைசி வடிவத்தில் அரசு அதிகாரி பத்ருதீன் தியாப்ஜிக்கும் அவர் மனைவி சுரையா தியாப்ஜிக்கும் பங்கு உண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவுக் கூட்டத்தில் இந்தியப் பெண்கள் சார்பாக ஹன்சா மேத்தா கொடியைச் சபைக்கு வழங்கினார். வெங்கையா 1963இல் வறுமையில் இறந்தார், அவருக்குத் தபால்தலை வெளிவந்ததே 2009இல்தான். வாழ்ந்த காலத்தில் அவரைக் கவனிக்காமல் விட்டது பெரிய குறை.

சென்னையில் இருப்பவர்கள் ஒரு முறை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய அதே பட்டுக் கொடி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது, 12 அடி நீளம், 8 அடி அகலம். 2013 குடியரசு தினத்திலிருந்து பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அதே கோட்டையில் இப்போது சுதந்திர தினத்தன்று முதல்வர் கொடியேற்றுகிறார் அல்லவா, அது 1974இல் வந்த வழக்கம். அதுவரை எல்லா மாநிலங்களிலும் இரண்டு விழாக்களிலும் ஆளுநர்தான் ஏற்றிவந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வருக்கு அந்த உரிமை வேண்டும் என்று மு. கருணாநிதி கேட்டு வாங்கியதால், ஆகஸ்ட் 15 முதல்வர்களுக்கு, ஜனவரி 26 ஆளுநர்களுக்கு என்று ஆனது.

சாதாரண மக்களுக்கு அந்த உரிமை இன்னும் தாமதமாக வந்தது. சுதந்திர தினம், குடியரசு தினம் மாதிரி சில நாட்களைத் தவிர மற்ற நாட்களில் தனியார் யாரும் வீட்டிலோ கடையிலோ தேசியக் கொடி ஏற்றக் கூடாது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. நவீன் ஜிண்டால் என்ற தொழிலதிபர் ராய்கட்டில் தன் தொழிற்சாலையில் தினமும் கொடி ஏற்றினார், அதிகாரிகள் தடுத்தார்கள், அவர் நீதிமன்றம் போனார். டெல்லி உயர் நீதிமன்றம் 1995இல் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2002 ஜனவரி 26 முதல் புதிய கொடி விதித்தொகுப்பு அமலுக்கு வந்து எல்லா நாட்களிலும் எல்லாரும் ஏற்றலாம் என்று ஆனது. 2004இல் உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடி ஏற்றுவது கருத்துரிமையின் ஒரு பகுதி, ஆனால் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது.

துணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பொருட்களுக்கான தர நிர்ணயங்கள் வெளியிடத் தொடங்கியபோது அதில் முதல் எண் பெற்றது தேசியக் கொடிதான், ஐ.எஸ். 1 என்றால் கொடி. நூலின் தடிமன், சாயத்தின் நிறம், தையல், சக்கரத்தின் அளவு எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. கர்நாடகத்தில் ஹூப்ளி பக்கம் பெங்கேரியில் உள்ள கதர் கூட்டுச் சங்கம் அந்தத் தரச் சான்றோடு கொடிகள் தைத்து நாடெங்கும் அனுப்புகிறது, தார்வாட் மாவட்டத்தின் கரக் கிராமத்திலும் கொடித் துணி நெய்கிறார்கள். 2021 டிசம்பர் வரை கையால் நூற்றுக் கையால் நெய்த பருத்தி, பட்டு, கம்பளித் துணியில்தான் கொடி இருக்க வேண்டும் என்பது விதி. பிறகு பாலியஸ்டரும் இயந்திரத் துணியும் அனுமதிக்கப்பட்டன. 2022 ஜூலையில் வீடுகளில் இரவிலும் கொடி பறக்கலாம் என்று மாற்றினார்கள், அந்த ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏறியது. குறைந்த விலைக்குக் கொடி கிடைப்பதால் குடிசை வீட்டிலும் பறக்கிறது, அது நல்லதுதான். ஆனாலும் ராட்டையிலிருந்து பிறந்த கொடி கதரில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. முடிந்தவர்கள் கதர்க் கொடியாகவே வாங்குங்கள், ஒரு நெசவாளர் வீட்டில் அடுப்பு எரியும்.

புதிதாக வீட்டில் கொடி ஏற்றுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. காவி மேலே இருக்க வேண்டும். செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவர்களுக்கு இடப்பக்கம் காவி வர வேண்டும். தரையிலோ தண்ணீரிலோ படக் கூடாது, கிழிந்ததோ கசங்கியதோ ஏற்றக் கூடாது, அதன் மேல் எதையும் எழுதக் கூடாது. அதைவிட உயரமாகவோ அதற்குச் சமமாகவோ வேறு கொடியைப் பக்கத்தில் ஏற்றக் கூடாது. மேசை விரிப்பாகவும் தலையணை உறையாகவும் இடுப்புக்குக் கீழே உடுத்தும் துணியாகவும் பயன்படுத்தக் கூடாது. வேண்டுமென்றே அவமதித்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை. சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் காகிதக் கொடிக்கும் இந்த மரியாதை உண்டு. ஆகஸ்ட் 16 காலையில் தெருவில் கிடப்பவை பெரும்பாலும் அவைதான், அப்படிக் கிடந்தால் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் கொடி மட்கவும் மட்காது, வாங்கவே வேண்டாம்.

கொடி பழசாகிக் கிழிந்துவிட்டால் குப்பையில் போடக் கூடாது. வீட்டிலேயே, மற்றவர்கள் பார்வை படாத இடத்தில், முழுவதுமாக அழித்துவிட வேண்டும், எரிப்பது நல்லது என்று விதித்தொகுப்பே சொல்கிறது. பாதி எரிந்த துண்டாக விட்டுவிடாதீர்கள், கடைசி நூல் வரை எரிந்து முடியும் வரை பக்கத்திலேயே இருங்கள்.